பிடிஎஃப் சாணக்கியர்

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர்தான் எனக்கு டேக் பண்ணுவீர்கள்? பார்த்துவிட்டேன். ட்ரம்பின் 2016 தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை தாங்கிய அரசியல் ஆலோசகர் பால் மனஃபோர்ட்டைப் புகழும் வீடியோ. அவர் 'அமெரிக்கச் சாணக்கியர்' ஆம். ஜெயிலுக்குப் போன கதை மட்டும் கடைசி அரை நிமிடத்தில், அதுவும் 'அரசியல் பழிவாங்கல்' என்று.

யானுகோவிச் 2010-இல் உக்ரைன் ஜனாதிபதியானதில் மனஃபோர்ட்டுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆள் மாட்டியது வியூகத்தில் இல்லை ஐயா, கணக்கில்.

உக்ரைன் பணம் சைப்ரஸில் கம்பெனிகள் பெயரில் இருந்த வங்கிக் கணக்குகளுக்கு வரும். அங்கிருந்து நேராக அமெரிக்காவில் துணிக்கடைக்கும் கம்பளம் விற்றவருக்கும் வீட்டு வேலை செய்தவருக்கும் போகும். வரிப் படிவத்திலேயே வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இல்லை என்று எழுதினார். 15,000 டாலர் நெருப்புக்கோழித் தோல் ஜாக்கெட்டைக் கிண்டலடித்தே எல்லோரும் ஓய்ந்தார்கள். பில்லுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதல்லவா விஷயம்!

2014-இல் யானுகோவிச் நாட்டைவிட்டு ஓடினார், வரத்து நின்றது. அப்புறம் வங்கிக் கடன். அதற்கு வருமானம் காட்ட வேண்டும், ஆனால் அவர் நிறுவனத்தின் 2016 லாப நட்டக் கணக்கில் 6 லட்சம் டாலருக்கு மேல் நட்டம். வலது கையாக இருந்த ரிக் கேட்ஸ் அந்த பிடிஎஃப்பை வேர்டு கோப்பாக மாற்றித் தருகிறார். மனஃபோர்ட் அதில் 35 லட்சம் டாலருக்கு மேல் வருமானத்தைச் சேர்த்து, திரும்ப பிடிஎஃப் ஆக்கச் சொல்லி அனுப்புகிறார். மின்னஞ்சலில்! கேட்ஸ் பிறகு அரசுத் தரப்புச் சாட்சியானார். பிடிஎஃப்பைத் திருத்த ஆள் தேடிய சாணக்கியர்.

"லாபி செய்வதே, அதாவது ஒருவருக்காக அரசாங்கத்திடம் ஆதரவு திரட்டுவதே குற்றமா?" இல்லவே இல்லை. வெளிநாட்டு அரசியல்வாதிக்காக வேலை பார்த்தால், யாருக்காக, எவ்வளவுக்கு என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தில் பதிய வேண்டும். 1938 சட்டம். இவர் பதிந்தது 2017 ஜூனில், எல்லாம் முடிந்த பிறகு. அதுவரை இவர் பெயர் வெளியே தெரியாமல் பிரஸ்ஸல்ஸில் ஒரு 'மையம்' முகமூடியாக முன்னால் நின்றது.

"பழிவாங்கல்" என்பவர்களுக்கு: 18 குற்றச்சாட்டில் 8-இல்தான் ஜூரி குற்றவாளி என்றது, மற்ற பத்தில் ஒருமித்த முடிவு வரவில்லை. ட்ரம்ப் ஆதரவாளர் என்று தானே சொல்லிக்கொண்ட ஜூரி உறுப்பினர் ஒருவரே, எல்லாவற்றிலும் குற்றவாளிதான் என்று பேட்டி கொடுத்தார். பழிவாங்கலாம்!

2020 டிசம்பரில் ட்ரம்ப் கொடுத்தது மன்னிப்பு. வீடியோக்காரர் அதை 'நிரபராதி' என்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் சொன்ன எனக்குக் கிடைத்த பட்டம் 'பொறாமைக்காரன்'. சரி, வைத்துக்கொள்கிறேன். அந்த வேர்டு கோப்புக்கு மட்டும் ஒரு வரி பதில் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.