மானியம் போன இடமும் கணக்கு நின்ற இடமும்

சென்ற ஆண்டு, அமெரிக்க நகரம் ஒன்றின் டவுன்டவுனில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கடை முகப்பைச் சீரமைப்பதற்காக மாநகராட்சி அறிவித்திருந்த மானியத்துக்கு விண்ணப்பித்தபோது, நான் உடன் அமர்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, குத்தகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், காப்பீட்டுச் சான்று, ஒப்பந்தக்காரர்கள் இருவரிடம் வாங்கிய மதிப்பீடு, முகப்பின் புகைப்படங்கள் என்று இணைப்புகள் மட்டும் பதினொன்று. எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகுதான் கடைசிப் பக்கத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது: வேலை முழுவதும் முடிந்து, பணம் செலுத்திய ரசீதைக் காட்டிய பின்னரே மானியத் தொகை வழங்கப்படும். நண்பர் மடிக்கணினியை மெதுவாக மூடி வைத்தார். கைப்பணம் போட்டு வேலையை முடிக்க வசதி உள்ளவர் மானியத்துக்கு ஏன் வரிசையில் நிற்கப் போகிறார்?

இந்த விதி அந்த நகரத்துக்கு மட்டும் உரியதன்று. சிகாகோவின் சிறு வணிக மேம்பாட்டு நிதியும் வேலை முடிந்த பிறகு செலவைத் திருப்பித் தரும் முறையில்தான் நடக்கிறது. அதிகாரிகள் இதை விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு: கண்ணாடி சுவரில் பொருத்தப்பட்ட பிறகே பணம் போவதால், பணத்தை வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருந்துவிட யாராலும் முடியாது. ஆனால் கையில் ரொக்கமோ வங்கிக் கடனோ உள்ள கடைக்காரரையே அந்த விதி தேர்ந்தெடுக்கிறது என்பதையும், திருட்டுப் போகாமல் காப்பாற்றப்பட்ட பணம் போக வேண்டிய கைக்கும் போகாமல் நின்றுவிடுகிறது என்பதையும் எந்தத் தணிக்கை அறிக்கையும் குறையாகக் குறிப்பிட்டு நான் படித்ததில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் அந்த நாடு பார்த்திருக்கிறது. கொரோனா முடக்கத்தின்போது சிறு வணிகங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் தருவதற்காக, 2020 ஏப்ரல் 3ஆம் தேதி கூட்டரசு (நாட்டின் மத்திய அரசு) தொடங்கிய சம்பளப் பாதுகாப்புத் திட்டத்தில் முதல் தவணையாக ஒதுக்கப்பட்ட 34,900 கோடி டாலர், ஏப்ரல் 16ஆம் தேதிக்குள் தீர்ந்துபோனது. கேட்டவர்களுக்கு விரைவாகக் கொடுப்பதே குறிக்கோளாக இருந்ததால், சரிபார்ப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தத் திட்டத்திலும் பேரிடர்க் கடன் திட்டத்திலும் சேர்த்து 20,000 கோடி டாலருக்கு மேல் மோசடியாகப் போயிருக்கக்கூடும் என்று, இவற்றை நடத்திய கூட்டரசு அமைப்பான சிறு வணிக நிர்வாகத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2023 ஜூன் மாதத்தில் மதிப்பிட்டது. மோசடி 3,600 கோடி டாலர் அளவில்தான் இருக்கும் என்று நிர்வாகம் மறுத்தது. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரமே, பணம் போன பிறகு கணக்கை மீட்டெடுப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டப் போதுமானது.

இந்த அனுபவத்திலிருந்து பல மாநகராட்சிகள் எடுத்துக்கொண்ட பாடம், விண்ணப்பத்தில் இன்னும் நான்கு இணைப்புகளைச் சேர்ப்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போலி ஆவணம் தயாரிப்பவருக்குப் பதினோராவது இணைப்பும் பெரிய தடையல்ல; தனியாளாகக் கடை நடத்துபவருக்கோ அது ஒரு நாள் வியாபாரம். இணைப்புகளைக் கூட்டுவதைவிட, பணம் யாருக்குப் போனது என்பதை வெளியிடுவதே பயன் தரும். 2020இல் பெரிய உணவகச் சங்கிலிகள் அந்தச் சம்பளப் பாதுகாப்புக் கடனைப் பெற்ற செய்தி வெளியே வந்தது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். ஷேக் ஷேக் நிறுவனம் விதிகளுக்கு உட்பட்டே 1 கோடி டாலர் பெற்று, பொதுமக்களின் கோபத்துக்கு நடுவே சில நாட்களில் திருப்பிக் கொடுத்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இத்தகைய செய்திகளை வெளியிட்டாக வேண்டியிருந்ததால்தான் அவற்றின் பெயர்கள் தெரியவந்தன. மற்றவர்களின் பெயர்களை அரசு முதலில் வெளியிடவில்லை. ஜூலையில் 1,50,000 டாலரும் அதற்கு மேலும் பெற்றவர்களின் பெயர்கள் மட்டும், அதுவும் துல்லியமான தொகை இல்லாமல் வந்தன. செய்தி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்து நீதிமன்ற உத்தரவு பெற்ற பிறகு, டிசம்பரில்தான் முழுப் பட்டியல் கிடைத்தது.

மாநகராட்சிப் பணத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 2021 மார்ச் மாதத்தில் நிறைவேறிய அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம், மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கியது. பல நகரங்கள் அதிலிருந்து ஒரு பகுதியைக் கடைவீதிகளுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுத்தன. மாநகராட்சி போன்ற ஓர் அமைப்பு கூட்டரசின் பணத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டில் செலவிட்டால், முழுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். அந்த அளவு 7,50,000 டாலராக இருந்து, 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் தன் நஷ்டத்துக்காக மானியம் வாங்கும் கடைக்காரர் கருவூலத் துறையின் விதிப்படி ‘பயனாளி’. அவருக்கு அந்தத் தணிக்கை கிடையாது. கிடையாது என்பது சரிதான், தையற்காரரிடம் போய்த் தணிக்கையாளரை நியமிக்கச் சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், கணக்குப் பார்ப்பவர்களின் பார்வை மாநகராட்சியோடும் அதன் சார்பில் மானியத்தைப் பகிர்ந்தளிக்கும் அமைப்போடும் நின்றுவிடுகிறது. தெருவில் என்ன நடந்தது என்பது அதற்கு வெளியே போய்விடுகிறது.

பகிர்ந்தளிக்கும் அந்த அமைப்பு பல ஊர்களில் டவுன்டவுன் வணிகர் சங்கமாகவோ வணிக மேம்பாட்டு மாவட்டமாகவோ (கடைவீதிப் பகுதி ஒன்றின் சொத்துகளிலிருந்து கூடுதல் கட்டணம் திரட்டி அந்தப் பகுதியை மேம்படுத்தும் அமைப்பு) இருக்கிறது. அவற்றின் நிர்வாகக் குழுவில் கட்டட உரிமையாளர்களே பெரும்பாலும் அமர்ந்திருப்பார்கள். முகப்பு மானியம் என்பது பெயருக்குக் கடைக்காரருக்குப் போனாலும், புதிய கண்ணாடியும் விளக்கும் கதவும் கட்டடத்தோடு சேர்ந்து நிற்பவை. குத்தகை முடிந்து கடைக்காரர் வெளியேறும்போது பெயர்ப்பலகையைத்தான் அவர் கழற்றிக்கொண்டு போக முடியும். அடுத்த குத்தகைக்காரரிடம் கூடுதல் வாடகை கேட்க அதே முகப்பு காரணமாகிறது. ஆகவே, ‘கடை பெயர், தொகை’ என்று இரண்டு கட்டங்கள் மட்டும் உள்ள பட்டியலை வெளியிடுவது அரைக் கணக்குதான். அந்தக் கட்டடம் யாருடையது, மானியத்தை முடிவு செய்த குழுவில் அவரோ அவருடைய உறவினரோ இருந்தாரா, இருந்தால் வாக்களிக்காமல் விலகினாரா, ஒரே உரிமையாளர் வெவ்வேறு நிறுவனப் பெயர்களில் எத்தனை கதவு எண்களுக்கு வாங்கியிருக்கிறார் என்பவையும் அதே வரியில் இருக்க வேண்டும். இவற்றைச் சேகரிக்கக் கடைக்காரரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. சொத்துப் பதிவேடும் கூட்டக் குறிப்பும் அரசிடமே இருக்கின்றன.

பெயரை வெளியிட்டால் கடைக்காரர் கூசிப்போவார் என்று சிலர் சொல்கிறார்கள். பொதுப் பணத்தை வாங்குபவருக்கு அந்தச் சிறு சங்கடம் தவிர்க்க முடியாதது. நான் எதிர்ப்பது வேறொன்றை: மானியம் பெற்ற கடை ஓராண்டில் மூடப்பட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும் என்ற யோசனை. கடை நொடித்துப்போவது குற்றமாகாது; அந்த அபாயம் தெரிந்துதானே மானியமே கொடுக்கப்பட்டது. ஓராண்டு கழித்து ஒருவர் நேரில் போய், கடை இருக்கிறதா, இல்லையென்றால் ஏன், வாடகை ஏறியதா என்று கேட்டு எழுதி வைத்தால், அடுத்த ஆண்டுத் திட்டத்தை வகுக்க அது உதவும். சிறிய தொகைகளுக்கு ஒப்பந்தக்காரரிடமே மாநகராட்சி நேராகப் பணம் செலுத்திவிடலாம். பணம் வேறு வேலைக்குத் திரும்பிவிடும் என்ற பயமும் தீரும், நண்பரைப் போன்றவர்களும் உள்ளே வருவார்கள்.

அவர் அன்று மூடிய மடிக்கணினியை அந்தக் காரியத்துக்காக மீண்டும் திறக்கவில்லை. திட்டத்தின் ஆண்டறிக்கையில், ‘விண்ணப்பதாரரே கைவிட்டவை’ என்ற தலைப்பின் கீழுள்ள எண்ணில் அவரும் ஒன்று. ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்டு இன்றுவரை அவரை யாரும் அழைக்கவில்லை.