மறையவில்லை, விலகினார்
அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் நெடும்பயணம் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் 1985-க்குப் பிறகு அவர் ‘மறைந்துபோனார்’ என்று எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. மறையவில்லை ஐயா, இசைத்துறையை விட்டு அவராகவே விலகிக்கொண்டார். எல்விஸ் பாடிய பாட்டை நீயும் பாடு என்று இசைத்தட்டு நிறுவனத்தில் சொன்னார்களாம். பிற்காலப் பேட்டிகளில் அந்தக் கடுப்பு அப்படியே தெரியும்.

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். திக்குவாய் வேறு. ஒன்பது வருடம் கடற்படை, அப்புறம் விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலை. 30 வயதைத் தாண்டித்தான், 1971-ல், முதல் ஆல்பம். அதன் அட்டைப்படத்தைப் பாருங்கள்: கையில் சாப்பாட்டுப் பெட்டி! மதிய இடைவேளையில் தொழிற்சாலை வாசலிலேயே எடுத்தது. பாட்டு ஓடாவிட்டால் என்ன செய்வது என்று வேலையை உடனே விடவில்லை மனுஷன்.

அந்த ஆல்பத்தின் ‘ஏன்ட் நோ சன்ஷைன்’ பாட்டில் ‘ஐ நோ’ (எனக்குத் தெரியும்) என்று 26 தடவை வருமே, அந்த இடத்தில் வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார். உடன் இருந்த இசைக்கலைஞர்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். மற்ற வாத்தியமெல்லாம் ஒதுங்கி, டிரம்ஸும் அவர் குரலும் மட்டும் நிற்கும். எங்கே மூச்சு விடுகிறார் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.