சித்தப்பாவின் ஆட்டுக் காசும் ஒரு சிம் கார்டும்

போன வாரம் ஒருத்தர் கடைக்கு வந்து, "தம்பி, இந்த ஜிபே, போன்பே எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்துடு, போனைத் திருடிட்டா பேங்குல இருக்கிறது மொத்தமும் போயிடுமாம்" என்றார். அவரை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். இதே பேச்சை ஒரு மாதத்தில் பத்துப் பேரிடமாவது பேசியிருப்பேன், வாய் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா சிட்டா எடுக்க வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் வருவது போனைப் பறிகொடுத்தவர்கள்தான். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக் கூட்டத்தில் விட்டவர், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டிக்கு முண்டியடித்து ஏறும்போது விட்டவர், ஓசூரில் ரோட்டோரம் பேசிக்கொண்டே நடந்து பைக்கில் வந்தவனிடம் பறிகொடுத்த கம்பெனிப் பையன், எல்லாரும் கையில் சி.எஸ்.ஆரோடு, அதாவது புகாருக்குப் போலீஸ் கொடுக்கிற ரசீதோடு வருவார்கள். போன் போன வருத்தம் ஒருபக்கம். அதைவிட, "அண்ணா, பேங்க் ஆப்பெல்லாம் அதுல இருக்குதே" என்ற பயம்தான் முகத்தில் தெரியும்.

அந்தப் பயம் நியாயமானது, ஆனால் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். இதை நான் புரிந்துகொண்டது என் சித்தப்பா போனைத் தொலைத்தபோதுதான்.

சித்தப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு மூன்று ஆடு ஓட்டிக்கொண்டு போனார். பதினோரு மணிக்குள் வியாபாரம் முடிந்துவிட்டது. வாங்கியவர் 23,500 ரூபாயை ஜிபேயில் போட்டார், சித்தப்பா மெசேஜைப் பார்த்து உறுதி செய்துகொண்டு போனைச் சட்டைப் பையில் போட்டார், அப்புறம் குனிந்து ஆட்டைத் தூக்கி டெம்போவில் ஏற்றிவிட்டார். நிமிர்ந்தபோது பை காலி. கீழே விழுந்திருக்கும் என்று ஆட்டுப் புழுக்கை நடுவில் பத்து நிமிடம் தேடியிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து அடித்தால் முதல் இரண்டு முறை ரிங் போனது, மூன்றாவது முறை சுவிட்ச் ஆஃப்.

போன் உறைக்குப் பின்னால் ஏடிஎம் கார்டைச் செருகி வைத்திருந்தார். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், கார்டு, ஒரு சாமி படம், மடித்த நூறு ரூபாய் ஒன்று.

இப்போது திருடன் என்ன செய்தான் என்று சொல்கிறேன், மறுநாள் பாஸ்புக்கைப் பார்த்து நானும் தெரிந்த இரண்டு பேரும் உட்கார்ந்து கணித்தது இது. சித்தப்பா போனில் பேட்டர்ன் லாக் இருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை. சிம்மை மட்டும் கழற்றித் தன் போனில் போட்டான். ஜிபே, போன்பே மாதிரி யுபிஐ ஆப் எதை நிறுவினாலும் அது முதலில் செய்கிற வேலை, அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த நம்பர் எந்தெந்த வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்று கேட்பது. கணக்கு வந்து நின்றது. யுபிஐ பின் தெரியாதே? தெரிய வேண்டாம், மறந்துவிட்டது என்று அழுத்தினால் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் கேட்கும், அப்புறம் ஓடிபி. கார்டு உறைக்குள் இருக்கிறது, ஓடிபி சிம்முக்கு வருகிறது. சில வங்கிகள் இந்த இடத்தில் ஏடிஎம் பின்னையும் கேட்கும், சித்தப்பாவின் வங்கி கேட்கவில்லை. புதுப் பின் அவனே போட்டுக்கொண்டான்.

பாஸ்புக் மெஷின் கரகரவென்று அடித்துத் தள்ளிய வரிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. முதல் வரி 1 ரூபாய். போகிறதா என்று பார்த்திருக்கிறான். அடுத்தது 4,999. ஏன் மொத்தத்தையும் உருவவில்லை என்றால், புதுப் போனில் யுபிஐ பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது, ஆண்ட்ராய்டில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. யார் யோசித்து வைத்தாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். அதற்குப் பிறகு கார்டு நம்பர், பின்பக்கத்து மூன்று எண், ஓடிபி, இவற்றை வைத்து ஆன்லைனில் 8,990க்கு ஒன்று, 5,500க்கு ஒன்று. ஆக 19,490. கார்டில் ஆன்லைன் வசதி அணைந்து இருந்திருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது. என் தம்பி பெங்களூருக்கு பஸ் டிக்கெட் போட ஒருமுறை அதைத் திறந்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறான்.

இதில் எந்த இடத்தில் வங்கி ஆப்பை உடைத்தான்? உடைக்கவில்லை. அந்த போனுக்குள் இருந்த ஆப் எம்பின் (ஆப்பைத் திறக்கிற ரகசிய எண்) போட்டுப் பூட்டி, பத்திரமாக, எங்கோ சாக்கடையில் கிடக்கிறது. ஆப்பில் ஓட்டையே இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் சந்தையில் பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்கு அந்த வேலையெல்லாம் தேவையில்லை. நம்முடைய சாவி மொத்தமும் நகம் அளவு சிம்மில் இருக்கிறது, அந்தச் சிம்முக்கு மட்டும் நாம் பூட்டுப் போடுவதில்லை. வீட்டுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டுவிட்டு சாவியைத் திண்ணையில் வைத்த கதை.

கார்டு இல்லாவிட்டாலும் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். ஆதார் ஓடிபி வைத்தும் யுபிஐ பின் மாற்றலாம், அதற்கு ஆதாரின் முதல் ஆறு எண் போதும். நம் ஆதார் எங்கே இருக்கிறது? என் கடை வாட்ஸப்பில் மட்டும் ஆயிரம் பேருடையது இருக்கும். (பிரிண்ட் எடுத்ததும் அழித்துவிடுகிறேன், நம்புங்கள்.) உங்கள் போன் கேலரியிலும் இருக்கும், பூட்டு திறந்திருக்கிற போனைப் பிடுங்கினால் அதுவும் அவன் கைக்குப் போகிறது.

சரி, நம் தப்பு இவ்வளவு. மற்றவர்கள் பங்குக்கு வருகிறேன், எனக்குக் கோபமே இங்கேதான்.

சித்தப்பா கடைக்கு வந்து சேரும்போது மணி இரண்டு. வங்கியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். மெஷின் பேசுகிறது: பதிவு செய்த மொபைல் எண்ணிலிருந்து அழைக்கவும். அந்த மொபைலைத்தானே திருடிவிட்டான்! சுற்றிச் சுற்றி ஒரு ஆளைப் பிடித்தால் கணக்கு எண் வேண்டும் என்கிறார், சித்தியிடம் போன் போட்டு பாஸ்புக்கைப் படிக்கச் சொன்னால் கண்ணாடி இல்லாமல் 3ஐ 8 என்று படித்து இரண்டு முறை தப்பாகப் போனது. சிம் கம்பெனிக்கு அடித்தால், உங்கள் நம்பர்தானா என்று உறுதி செய்யக் கடைசியாக எவ்வளவுக்கு, எந்தத் தேதியில் ரீசார்ஜ் செய்தீர்கள் என்று கேட்டார்கள். சித்தப்பா வாழ்க்கையில் ரீசார்ஜ் செய்ததில்லை, தம்பிதான் ஓசூரிலிருந்து போடுவான், அவன் ஷிப்டில் இருந்தான். சிம் அடங்கும்போது மணி மூன்று பத்து. பதினொன்றிலிருந்து மூன்று பத்து வரை அவன் நிதானமாக டீ குடித்துவிட்டே வேலை பார்த்திருக்கலாம்.

மறுநாள் காவல் நிலையத்தில், திருட்டு என்று எழுதிக் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு, "காணாம போச்சுன்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்கள். சித்தப்பாவும் சரி சரி என்று தலையாட்டினார், நான்தான் மாட்டேன் என்று நின்றேன். பணம் போகாத கேஸ் என்றால் அப்படி எழுதிவிட்டுப் போகலாம். பணம் போயிருந்தால் திருட்டு என்ற வார்த்தை தாளில் இருக்கணும், நாளைக்கு வங்கி முதலில் அதைத்தான் கேட்கும்.

1930க்கு அடித்தோம், பணம் போனால் உடனே அடிக்க வேண்டிய எண் அதுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரத்துக்குப் பணத்தை வழியில் நிறுத்த முடியும். ஆனால் எந்தப் பரிவர்த்தனை, என்ன எண், எவ்வளவு என்று கேட்பார்கள், அந்த எஸ்எம்எஸ்கள் எல்லாம் திருடன் கையில். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எங்களால் சொல்ல முடியவில்லை, திங்கட்கிழமை பாஸ்புக் அடித்த பிறகே சொன்னோம்.

அப்புறம் டூப்ளிகேட் சிம். ஆதார் மெஷினில் சித்தப்பாவின் விரல் ரேகை நான்கு முறை விழவில்லை, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், ஐந்தாவது முறை எண்ணெய் துடைத்து இடது கை வைத்தபோதுதான் எடுத்தது. சிம் வந்தும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. போலியாக சிம் மாற்றி ஏமாற்றுகிறவர்களுக்காக வைத்த தடை, நல்லதுதான், ஆனால் ஓடிபி வராமல் நாங்கள் ஒரு நாள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்க விண்ணப்பம் போட முடிந்தது. 2023 மே மாதம் நாடு முழுக்க வந்தது அது. புகார் நகல், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), நம்பருக்கு வரும் ஓடிபி, இவ்வளவும் வேண்டும். போட்டால் அந்த போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது, யாராவது சிம் போட்டுப் பார்த்தால் போலீஸுக்குத் தடம் கிடைக்கும். எஸ்.பி. ஆபீஸில் மீட்ட செல்போன்களை வரிசையாக மேசையில் அடுக்கி ஒப்படைக்கிற படம் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், அதில் பல இப்படிக் கிடைத்தவைதான். ஐஎம்இஐக்கு போன் வாங்கிய பெட்டியைத் தேடினோம், சித்தி அதில் விதைப் பொட்டலம் போட்டு வைத்திருந்தார், நல்லவேளை தூக்கிப் போடவில்லை. உங்கள் போனில் இப்போதே *#06# அடித்து வருகிற 15 இலக்கத்தை எங்காவது எழுதி வையுங்கள், அந்த எங்காவது உங்கள் போனாக இருக்கக் கூடாது.

வங்கிக்குத் திரும்ப வருகிறேன். கிளையில், "ஓடிபி சரியா போட்டிருக்காங்க சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். 2017 ஜூலை 6 தேதியிட்டு ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது, அது சொன்னது இதுதான். வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை, மூன்றாவது ஆள் செய்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நட்டம் கிடையாது. வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. நாம் தகவல் சொன்ன பிறகு போகிற பணம் முழுக்க வங்கிப் பொறுப்பு. கார்டை உறையில் வைத்தது அசட்டையா இல்லையா என்று அவர்கள் வாதாடட்டும், பின்னை யாரிடமும் சொல்லவில்லையே! எழுத்தில் மனு, தேதி போட்ட சீல் வாங்கிய நகல், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். சித்தப்பாவுக்கு 8,990 மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மீதிக்கு மனு ஓடிக்கொண்டிருக்கிறது.

எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பி இத்தனை கோடிப் பேர் பணத்தையும் வைத்தது ஆரம்பத்திலிருந்தே அரைகுறை ஏற்பாடு என்பது என் கருத்து. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு என்று ரிசர்வ் வங்கி புது விதிகளைப் 2025 செப்டம்பரில் வெளியிட்டது, வேறு வழிகளுக்கும் இடம் கொடுக்கிறது, ஆனால் எஸ்எம்எஸ்ஸை எடுத்துவிடவில்லை. அதனால் நாம் செய்ய வேண்டியது நம் கையில்தான்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பது முதலில் சிம் லாக். போன் செட்டிங்கில் இருக்கிறது, போட்டுவிட்டால் போனை அணைத்துப் போட்டாலோ சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலோ பின் கேட்கும். ஒரு எச்சரிக்கை, ஆரம்பப் பின் எது என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மூன்று முறை தப்பானால் பியுகே என்று இன்னொரு எண்ணைக் கேட்டு மாட்டிக்கொள்ளும். பூட்டிய திரையில் மெசேஜ் தெரிவதை அணையுங்கள், இல்லையென்றால் பூட்டைத் திறக்காமலே ஓடிபியைப் படிக்கலாம். கார்டு வீட்டில் இருக்கட்டும். திரைக்கும் ஏடிஎம்முக்கும் யுபிஐக்கும் ஒரே பிறந்த வருஷத்தைப் போட்டிருப்பவர்கள் கை தூக்குங்கள், பஸ்ஸில் பின் சீட்டுக்காரன் ஒருமுறை பார்த்தால் மூன்றும் தெரியும். முடிந்தால் யுபிஐக்கு என்று தனிக் கணக்கு, தனி நம்பர், அதில் சந்தைச் செலவுக்கு மட்டும் பணம். யுபிஐ லைட் வைத்திருப்பவர்கள் அதில் இருக்கிற தொகை பின் இல்லாமலே போகும் என்பதை நினைவில் வையுங்கள், பையில் இருக்கிற சில்லறை மாதிரி.

சித்தி இப்போது தினசரி காலண்டர் அட்டையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே 1930, கணக்கு எண், ஐஎம்இஐ எண் எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். சித்தப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்து சிம் லாக்கும் நானே போட்டுக் கொடுத்தேன், பின் நம்பரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன், சரியாகத்தான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியிலிருந்து தெரியாத நம்பரில் அழைப்பு. எடுத்தால் சித்தப்பா, யாரோ ஆட்டு வியாபாரி போனிலிருந்து.

"டேய், போனு சூடா இருக்குதுன்னு அணைச்சுப் போட்டேன்டா, என்னமோ பூட்டுங்குது. ரெண்டு தடவை போட்டுட்டேன், தப்புங்குது. மூணாவது போடட்டுமா?"

"வேணாம் சித்தப்பா, கையை எடுங்க, அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க" என்று கத்தினேன், கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.