மானிப்பாய் என்றால் ஆஸ்பத்திரியும் கோயிலும் மட்டும்தானா?
யாழ்ப்பாணத்து மானிப்பாயின் பழைய கட்டடங்கள் பற்றி உங்கள் தொடரில் கட்டுரை எழுதியது நல்லது, ஆனால் கிறீன் ஆஸ்பத்திரி, மருதடிப் பிள்ளையார் கோயில் என்று இரண்டோடு முடித்தது போதாது. அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 1848-ல் தொடங்கியது வெறும் ஆஸ்பத்திரி இல்லை, பிறகு தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்து அதற்கான நூல்களையும் தமிழாக்கினார், அதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். அமெரிக்க மிஷன் அச்சகமும் இங்கேதான் இருந்தது. 1842-ல் வந்த அகராதியை இன்றைக்கும் மானிப்பாய் அகராதி என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம், றோட்டோரத்துச் சுமைதாங்கி, மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக்கல், தண்ணீர்க் கேணி, வழிப்போக்கர் தங்கும் மடம் எல்லாம் எங்கே? கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம், தலைச்சுமையோடு சந்தைக்குப் போனவர்கள் துணைக்கு ஆள் இல்லாமலே சுமையை அதன் மேல் இறக்கி ஏற்ற முடிந்தது. றோட்டை அகலப்படுத்தும்போது முதலில் போவது இதுகள்தான். கோயில் மதிலில் கை வைத்தால் ஊரே கூடும், இதற்கு ஒருவரும் வரமாட்டார்கள். காலையில் டவுனுக்கு வேலைக்கு ஓடுகிற நாங்களும் மோட்டார் சைக்கிளில் கடந்து போவதோடு சரி. அடுத்த பகுதியில் இதுகளையும் படத்தோடு போடுங்கள், எங்கே மிச்சமிருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள்.