நாலு மில்லி

ராத்திரி ரெண்டு மணிக்கு மகளுக்கு 102. டொக்டர் எடையப் பார்த்து எழுதினது பெரசிற்றமோல் பாணி நாலு மில்லி, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. போத்தலோட தந்த மூடியில முதல் கோடே அஞ்சு! அந்த நாலு எங்க கிடக்குது? ஃபோன் வெளிச்சத்தில மூடியச் சரிச்சுச் சரிச்சுப் பார்த்ததில பாதி பாணி என்ட கையில, மீதிய அவள் சட்டையில துப்பிட்டாள். ஊசியில்லாத சிரிஞ்ச் ஒண்ட ஃபார்மசியில கேட்டு வாங்கணும் எண்டு மறுகாதான் புத்தி வந்திச்சு.

விடிய அவளை அம்மாட்ட விட்டுட்டு, கண்ணும் திறக்க ஏலாம மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தால வேலைக்குப் போனால், "திரும்பவும் லீவு கேக்கப் போறீங்களா மிஸ்?" 84 நாள் பிரசவ லீவு முடிஞ்சா காய்ச்சலும் முடிஞ்சிரும் எண்டு நினைக்கினம் போல. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுமட்டும் ரெண்டு பாலூட்டும் இடைவேளை இருக்கு, பிள்ளைக் காப்பகம் இல்லாத வேலையிடத்தில ஒவ்வொண்டும் ஒரு மணித்தியாலம். சட்டத்திலதான். கேட்டால் எல்லாரும் மேசையப் பாக்கினம்.

வீட்ட வந்தால் பக்கத்து வீட்டு மாமி: "என்ன மனே, தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்குக் காய்ச்சலா? நீ தலைக்கு முழுகினதாலதான்."

மாமி, நான் தலை முழுகி நாலு நாள். அதுக்கு நேரம் எங்க கிடக்கு?