வசனம் பிறகு வரட்டும்

பள்ளிக்கூடங்களுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர்களைக் கூட்டி வந்து உடலசைவு, கதை சொல்லல் என்று நாடகம் பழக்கினால் பிள்ளைகளின் கூச்சம் போகும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரிதான், ஆனால் ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இலேயே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பரீட்சைக்கு எடுக்கிற பாடமே.

மகளின் பள்ளிக்கூடத்திலும் ஒரு அண்ணா வந்து பழக்கினார், நான் போய்ப் பார்த்தேன். வசனமே கொடுக்கவில்லை. "அம்மம்மா முற்றத்தில நெல் காயப் போட்டிருக்கிறா, கோழி வருது, இப்ப என்ன செய்வா?" என்று கேட்டதும், வாயே திறக்காத பொடியன் ஒருத்தன் இடுப்பில் கையை வைத்துக் குனிந்தபடி 'சூ... சூ' என்று நடந்த நடை இருக்கிறதே, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆனால் நாடகப் போட்டிக் காலம் வந்ததும் பழையபடி மைக்குக்கு முன்னால் வரிசையாக நின்று மனப்பாடம் ஒப்புவிக்கிறார்கள். (நடுவர்களுக்கும் அதுதான் பிடிக்குது போல.) பழக்க வருகிறவர் ரெண்டு கிழமையில் போய்விடுவார், அதனால் பிள்ளைகளோடு சேர்த்து ரெண்டு ஆசிரியர்களையும் பழக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.