தூணில்தானா உங்கள் காதல்?

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குள் போனாலே வயிறு எரிகிறது. 1636-ல் எழுந்த மாளிகை. அந்தப் பெரிய தூண்களின் சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து வழவழப்பாக்கினார்கள் என்பார்கள். அதில் போய் ஆணியால் இதயம், அம்பு, பெயர், இனிஷியல்! கை எட்டும் உயரத்தில் கீறல் கீறலாகக் கிடக்கிறது. பெயின்ட் என்றாலாவது கழுவிப் பார்க்கலாம். கீறினால் பூச்சையே மறுபடி பூச வேண்டும். பூசினால் அதன்மேலும் கீறுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் மேலே விதானத்தை அண்ணாந்து படம் எடுக்கிறார்கள், அப்புறம் இந்தக் கிறுக்கலையும் எடுக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு எவ்வளவு அவமானம்! காதலிக்கிறீர்களா, சரி, சந்தோஷம். எழுத நாயக்கர் தூண்தானா கிடைத்தது? பக்கத்தில் நிற்கிறவர்களாவது "தம்பி, கையை எடுப்பா" என்று ஒரு சத்தம் போடக் கூடாதா?